மஷீன் எம்கே3-இல் விஎஸ்டி வாத்தியங்கள்: லிஸ்டில் வரவில்லை, பேட் அடித்தால் தாமதம், நாப் எதற்கும் ஒட்டவில்லை

தோட்டத்து_பீட் (சுங்கை சிப்புட்)

வணக்கம் அண்ணன்மாரே. உருமி, தவில் சாம்பிள் (பதிந்து வைத்த சத்தத் துண்டு) எல்லாம் மஷீன் எம்கே3-இல் (16 பேட், எட்டு நாப் உள்ள நேட்டிவ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் கன்ட்ரோலர்) நன்றாக ஓடுகிறது. விஎஸ்டி (கணினிக்குள் ஓடும் வாத்திய பிளக்-இன்) சேர்த்ததும்தான் சிக்கல் ஆரம்பம். தோட்டத்துக் கோயில் திருவிழாவுக்கு இதை அப்படியே மேடையில் வாசிக்க வேண்டும். அதற்குள் சரி செய்தாக வேண்டும்.

சாமான்: ஐ5 லேப்டாப், விண்டோஸ் 11, 8 ஜிபி ராம், உள்ளே 256 ஜிபி எஸ்எஸ்டி. மஷீன் ஒரு யூஎஸ்பி ஹப் வழியாகப் போகிறது. சத்தம் இப்போதைக்கு புளூடூத் ஸ்பீக்கரில். வைட்டல், சர்ஜ் எக்ஸ்டி, டெக்ஸ்ட் (Dexed) என்ற மூன்று சிந்த் பிளக்-இன்களும் போட்டிருக்கிறேன். அதோடு சாம்பிள் லைப்ரரிகளைத் திறந்து வாசிக்கும் கான்டாக்ட் பிளேயரும், வெளியில் வாங்கிய ஒரு நாதஸ்வர லைப்ரரியும்.

1. வைட்டல் வருகிறது. டெக்ஸ்ட் மஷீன் லிஸ்டிலேயே இல்லை.
2. பேட் அடித்த பிறகு சத்தம் நன்றாகவே பிந்தி வருகிறது. பஃபரை (கணினி சத்தத்தைச் சேர்த்து வைத்து அனுப்பும் அளவை) குறைத்தால் கரகர.
3. எட்டு நாபில் ஏதேதோ பெயர் வருகிறது. ஃபில்டர் எங்கே என்று தெரியவில்லை.
4. நாதஸ்வரம் ஒரே பேடில் ஒரே சுரம்தான் வாசிக்கிறது. கொஞ்ச நேரம் கழித்து அதுவும் நின்றுவிடுகிறது.
5. நாதஸ்வரம், ஒத்து, இன்னொரு பேஸ் மூன்றையும் ஒரே கான்டாக்டில் வைத்துத் தனித்தனி பேடில் வாசிக்க முடியுமா?

---

ஈப்போ_மிக்ஸ்

முதல் கேள்வியும் நான்காவதும் சுலபம். அதை நான் எடுத்துக்கொள்கிறேன்.

டெக்ஸ்ட் வராததற்குக் காரணம் மூன்றில் ஒன்று. 32-பிட் ஃபைலை இறக்கியிருக்கலாம். மஷீன் 64-பிட், அதனால் எடுக்காது. டெக்ஸ்ட் இறக்கும் பக்கத்தில் பழைய ஃபைல்களும் கிடக்கும், பார்த்து எடுங்கள். அடுத்தது ஃபோல்டர். விஎஸ்டி3 எப்போதும் சி டிரைவில் புரோகிராம் ஃபைல்ஸ், அதற்குள் காமன் ஃபைல்ஸ், அதற்குள் விஎஸ்டி3 என்ற இடத்துக்குப் போகும். விஎஸ்டி2-க்கு அப்படி நிரந்தர இடம் கிடையாது. ஒரு இன்ஸ்டாலர் ஸ்டெயின்பெர்க் ஃபோல்டரில் போடும், இன்னொன்று விஎஸ்டிபிளக்இன்ஸ் என்று புதிதாக ஒன்றை உண்டாக்கும். மூன்றாவது, உங்கள் மஷீன் சாஃப்ட்வேர் பழையதாக இருப்பது. 2.x வரிசையின் பழைய பதிப்புகள் விஎஸ்டி2 மட்டும்தான் பார்க்கும். டெக்ஸ்ட் விஎஸ்டி3 ஃபைலை மட்டும் போட்டிருந்தால் அவற்றுக்கு அது தெரியவே தெரியாது.

செய்ய வேண்டியது: ஃபைல் மெனு, பிரிஃபரென்ஸ், பிளக்-இன்ஸ். அங்கே லொக்கேஷன்ஸ் பகுதியில் ஆட் அழுத்தி டெக்ஸ்ட் இருக்கும் ஃபோல்டரைக் காட்டுங்கள். பிறகு மேனேஜர் பகுதிக்குப் போய் ரீஸ்கேன். சி டிரைவ் முழுவதையும் ஃபோல்டராகக் கொடுத்துவிடாதீர்கள். ஸ்கேன் இழுத்துக்கொண்டே போகும், சம்பந்தமில்லாத டிஎல்எல் ஃபைல்களில் மாட்டி நின்றும் போகும். விஎஸ்டி2 எல்லாவற்றுக்கும் ஒரே ஃபோல்டரை நீங்களே முடிவு செய்து, ஒவ்வொரு இன்ஸ்டாலரும் கேட்கும்போது அதையே கொடுங்கள்.

லிஸ்டில் வந்த பிறகும் ‘காணோம்’ என்று பலர் சொல்வதற்கு வேறு காரணம் உண்டு. மஷீனில் வாத்திய பிளக்-இன், ஒரு சவுண்டின் முதல் ஸ்லாட்டில் மட்டும்தான் உட்காரும். இரண்டாவது ஸ்லாட்டிலிருந்து எஃபெக்ட் மட்டுமே. குரூப், மாஸ்டர் இரண்டிலும் எஃபெக்ட் மட்டுமே. ஏற்கனவே உருமி சாம்பிள் இருக்கும் பேடில் இரண்டாவது ஸ்லாட்டைத் திறந்தால் வைட்டல் எப்படி வரும்? காலியான பேடைத் தேர்ந்தெடுத்து, ஷிஃப்ட் பிடித்துக்கொண்டு பிரவுசர் பட்டனை அழுத்துங்கள். எம்கே3 திரையிலேயே பிளக்-இன் பட்டியல் வரும், மவுஸ் தேவையில்லை.

ஒரே சுரம் வருவது கோளாறு இல்லை. பேட் மோடில் ஒரு பேட் என்றால் ஒரு சவுண்டு, அது தன் அடிப்படை சுரத்தை மட்டும் வாசிக்கும். நாதஸ்வரப் பேடைத் தேர்ந்தெடுத்து, பேட்களுக்கு மேலே உள்ள கீபோர்ட் பட்டனை அழுத்துங்கள். 16 பேடும் அந்த ஒரு வாத்தியத்துக்கே வந்துவிடும். ஆதார சுரத்தையும் ஸ்கேலையும் அங்கேயே நாபில் வைக்கலாம். இரண்டு கட்டை என்றால் டி. மோகனம் வாசிக்க மேஜர் பென்டடோனிக் போதும், தப்பான சுரம் பேடிலேயே இருக்காது. உங்கள் ராகத்துக்குச் சரியான ஸ்கேல் லிஸ்டில் இல்லையென்றால் குரோமேட்டிக் வைத்துக்கொண்டு, மாயாமாளவகௌளைக்கு ஆதாரத்திலிருந்து 0, 1, 4, 5, 7, 8, 11 என்று எண்ணிப் பழகுங்கள்.

கமகம் பேடில் வராது, அதற்கு டச் ஸ்ட்ரிப்தான் வழி. பிட்ச் பட்டனைப் போட்டு விரலால் இழுங்கள். ஆனால் லைப்ரரிக்குள் பிட்ச் பெண்ட் அளவு எவ்வளவு என்று முதலில் பாருங்கள். பெரும்பாலும் 2 செமிடோன்தான் வைத்திருப்பார்கள். மாயாமாளவகௌளையில் ரியிலிருந்து காவுக்கு இழுக்க 3 வேண்டும். 12 வைத்தால் விரல் கொஞ்சம் நகர்ந்தாலே சுருதி ஓடிவிடும். 3 அல்லது 4-க்கு மேல் போகாதீர்கள்.

‘கொஞ்ச நேரத்தில் நின்றுவிடுகிறது’ என்பதுதான் உங்கள் மேடைக்கு உண்மையான ஆபத்து. பிளேயருக்கென்று உரிமம் பெறாத லைப்ரரியை இலவச கான்டாக்ட் பிளேயரில் திறந்தால் 15 நிமிடம் டெமோவாக ஓடும், பிறகு சத்தம் போய்விடும். செட்டிங் எதை மாற்றினாலும் இதற்குத் தீர்வு கிடையாது. ஒன்று முழு கான்டாக்ட் வாங்க வேண்டும், இல்லையென்றால் பிளேயரில் ஓடும் லைப்ரரிக்கு மாற வேண்டும். அதுவரைக்கும் தேவையான நாதஸ்வர வரிகளைச் சாம்பிளாகப் பதிந்து வைத்துக்கொள்ளலாம். அந்த முறையைக் கீழே யாராவது சொல்வார்கள்.

---

பத்துகாஜா_சவுண்ட்

தாமதத்தைப் பற்றி. முதலில் அந்த புளூடூத் ஸ்பீக்கரைக் கழற்றிவிடுங்கள். சாதாரண புளூடூத் மட்டுமே 100 மில்லி செகண்டுக்கு மேல் சேர்க்கும். அதை வைத்துக்கொண்டு பஃபரைத் திருகுவதில் பலனே இல்லை.

எம்கே3-க்குள்ளேயே ஆடியோ இன்டர்ஃபேஸ் இருக்கிறது, பின்பக்கம் இரண்டு லைன் அவுட், 6.35 எம்எம். அதிலிருந்து மிக்சருக்கு ஒயர் இழுங்கள். மஷீன் பிரிஃபரென்ஸில் ஆடியோ பக்கம் போய், டிரைவர் ஏசியோ (தாமதம் குறைந்த ஆடியோ டிரைவர் வகை), டிவைஸ் மஷீன் எம்கே3 என்று தேர்ந்தெடுங்கள். லேப்டாப்பின் சொந்த சவுண்ட் கார்டில் ஓடுகிறவரைக்கும் உங்கள் வேலை ஆகாது.

கணக்கு இது. 44,100 ஹெர்ட்ஸில் பஃபர் 512 என்றால் 11.6 மில்லி செகண்ட். 256 என்றால் 5.8. 128 என்றால் 2.9. இதற்கு மேல் டிரைவரும் யூஎஸ்பியும் கொஞ்சம் சேர்க்கும். தாளம் அடிக்கிற கைக்கு 256 போதும். 8 ஜிபி ஐ5-இல் 128-ஐப் பிடித்துத் தொங்கினால் கரகர நிற்காது.

மேடையில் இன்னொரு கணக்கும் உண்டு. காற்றில் சத்தம் ஒரு மீட்டர் கடக்க ஏறக்குறைய 3 மில்லி செகண்ட். பெட்டி 4 மீட்டர் தள்ளி இருந்தால் அதுவே 12. பஃபரில் 3 மிச்சம் பிடிக்க லேப்டாப்பைச் சாகடிப்பதைவிட, மானிட்டரைக் கிட்டே கொண்டுவருவது அல்லது ஹெட்போனில் கேட்பது நல்லது.

கரகரவுக்கு, இந்த வரிசையில் பாருங்கள்:

- ஹப்பை எடுத்துவிட்டு மஷீனை நேராக லேப்டாப்பில் சொருகுங்கள். தனி மின்சாரம் இல்லாத ஹப்பில் பளு ஏறும்போது இணைப்பு விட்டு விட்டு வரும்.
- விண்டோஸ் பவர் பிளானை ஹை பெர்ஃபார்மன்ஸில் வையுங்கள். யூஎஸ்பி செலக்டிவ் சஸ்பெண்டை அணையுங்கள். சார்ஜர் போட்டே வாசியுங்கள். பேட்டரியில் பல லேப்டாப்கள் வேகத்தைத் தானாகக் குறைத்துக்கொள்ளும்.
- வாசிக்கும்போது வைஃபை அணைத்திருக்கட்டும். அப்படியும் நிற்கவில்லையென்றால் லேட்டன்சிமான் ஓட்டிப் பாருங்கள், எந்த டிரைவர் இடைஞ்சல் செய்கிறது என்று காட்டும்.
- வைட்டலில் யூனிசன் (ஒரே சுரத்தைப் பல குரலாக அடுக்குவது) 16 குரல் வைத்த பேட்ச் இருந்தால் 4-க்கு இறக்குங்கள். அட்வான்ஸ்ட் பக்கத்தில் ஓவர்சாம்ப்ளிங் 1-க்கு வையுங்கள். மேடை ஸ்பீக்கரில் அந்த வித்தியாசம் கேட்காது.
- மாஸ்டரில் லுக்-அஹெட் உள்ள லிமிட்டர் இருந்தால் எடுத்துவிடுங்கள். முன்கூட்டிப் பார்க்கிற நேரம் முழுக்க உங்கள் பேடுக்குத் தாமதமாகத்தான் வந்து சேரும்.

ராம். விண்டோஸே 3, 4 ஜிபி எடுத்துக்கொள்ளும். மீதியில்தான் கான்டாக்ட். லைப்ரரி எஸ்எஸ்டி-யில் இருக்கிறது என்பதால், கான்டாக்ட் ஆப்ஷன்ஸில் மெமரி பகுதிக்குப் போய் ப்ரீலோட் சைஸை (ஒவ்வொரு சாம்பிளிலும் முன்கூட்டியே ராமில் ஏற்றும் அளவை) ஓவர்ரைடு செய்து 60 கேபி-யிலிருந்து 24 அளவுக்குக் குறைக்கலாம். அதற்கு மேல் பர்ஜ் மெனு இருக்கிறது. ரீசெட் மார்க்கர்ஸ் அழுத்தி, பாட்டு முழுவதையும் ஒரு தடவை வாசித்து, அப்டேட் சாம்பிள் பூல் அழுத்தினால் தொடாத சாம்பிள் எல்லாம் நினைவகத்திலிருந்து இறங்கிவிடும். ஒரு எச்சரிக்கை: அந்தத் தடவை தொடாத சுரத்தை மேடையில் புதிதாகத் தொட்டால் முதல் அடி ஊமையாகப் போகலாம். மனோதர்மமாக வாசிக்கிற வாத்தியத்தில் பர்ஜ் செய்யாதீர்கள். ஒத்து, பேஸ் மாதிரி நிலையான வரிகளுக்கு மட்டும் செய்யுங்கள்.

---

கிந்தா_தாளம்

ஏசியோ4ஆல் போட்டாலும் தாமதம் குறையுமே, நிறைய பேர் அதைத்தானே சொல்கிறார்கள்?

---

பத்துகாஜா_சவுண்ட்

இவருக்கு வேண்டாம். ஏசியோ4ஆல் என்பது சொந்தமாக ஏசியோ டிரைவர் இல்லாத சவுண்ட் கார்டுக்கு, விண்டோஸ் டிரைவரின் மேல் போடுகிற ஒரு போர்வை. எம்கே3-க்குச் சொந்த டிரைவர் இருக்கும்போது நடுவில் இன்னொன்றை நுழைத்தால் தொல்லைதான் கூடும். ஆடியோ இன்டர்ஃபேஸ் இல்லாத மஷீன் மிக்ரோ வைத்திருப்பவர்களுக்கு அது உதவும்.

---

கம்பி_சுருதி

நாப் விஷயமும் ஐந்தாவது கேள்வியும் மிச்சம் இருக்கிறது.

பிளக்-இன் என்கேஎஸ் வகை (நேட்டிவ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் சாமானோடு ஒத்துப்போகும்படி தயாரித்தது) என்றால் எட்டு எட்டாக நாப் பக்கங்களைத் தயாரித்தவர்களே அடுக்கிக் கொடுத்திருப்பார்கள். அப்படி இல்லாததற்கு, பிளக்-இன் தன் அளவுருக்களை எந்த வரிசையில் சொல்கிறதோ அதே வரிசையில் மஷீன் பக்கம் பக்கமாக அடுக்கிவிடும். வைட்டல், சர்ஜ் மாதிரி நூற்றுக்கணக்கில் அளவுரு உள்ளவற்றில் ஃபில்டர் எத்தனையாவது பக்கத்தில் கிடக்கும் என்று தேடுவதில் அர்த்தமில்லை. உங்களுக்கு வேண்டிய எட்டை நீங்களே வையுங்கள்.

அந்த சவுண்டின் பிளக்-இன் பகுதியில், பக்கங்களைத் திருத்தும் பலகையைத் திறங்கள். முதல் நாபைத் தேர்ந்தெடுத்து லேர்ன் அழுத்தி, வைட்டல் ஜன்னலில் ஃபில்டர் கட்ஆஃபை மவுஸால் லேசாக அசைத்தால் ஒட்டிக்கொள்ளும். அடுத்த நாப், அடுத்த அளவுரு. முடித்ததும் லேர்னை அணைக்க மறக்கக் கூடாது. அணைக்காமல் விட்டால் அடுத்து எதைத் தொட்டாலும் அது போய் ஒட்டிக்கொண்டு, நீங்கள் வைத்த வரிசை குலைந்துவிடும்.

மேடைக்கு என் சிபாரிசு: கட்ஆஃப், ரெசனன்ஸ், அட்டாக், ரிலீஸ், ரிவெர்ப் அளவு, டிலே அளவு, ஒரு மாக்ரோ (பல அளவுருக்களைச் சேர்த்து அசைக்கும் ஒரே நாப்), வால்யூம். எல்லா சிந்த் பிளக்-இன்னுக்கும் இதே வரிசை. இருட்டில் திரையைப் பார்க்காமலே மூன்றாவது நாப் அட்டாக் என்று கை பழகிவிடும். இதை முடித்ததும் பிளக்-இன் மெனுவில் சேவ் ஆஸ் கொடுத்து, டேக் போட்டுச் சேமியுங்கள். அடுத்த தடவை வெறும் வைட்டலைத் திறக்காமல், பிரவுசரில் யூசர் பக்கத்திலிருந்து அந்த ப்ரீசெட்டைத் திறந்தால் நாப் வரிசையும் கூடவே வரும்.

வைட்டலில் ஒரு வசதி, அதற்கு நான்கு மாக்ரோ உண்டு. பேட்ச் செய்யும்போதே கட்ஆஃபையும் டிஸ்டார்ஷனையும் சேர்த்து ஒரு மாக்ரோவில் கட்டிவிட்டால், மஷீனில் ஒரு நாபே இரண்டு வேலை செய்யும்.

இனி ஒரே கான்டாக்டில் மூன்று வாத்தியம். முடியும். பேட் 1-இல் கான்டாக்ட். அதற்குள் நாதஸ்வரம் மிடி (எந்தச் சுரம் வாசிக்க என்று சொல்லும் செய்தி) சேனல் 1, ஒத்து சேனல் 2, பேஸ் சேனல் 3. மூன்றுக்கும் கான்டாக்டின் அவுட்புட் பகுதியில் தனித்தனி ஸ்டீரியோ வழி கொடுங்கள். இங்கேதான் பலர் மாட்டுகிறார்கள்: கான்டாக்டில் புதிய அவுட்புட் உண்டாக்கினால் மஷீனுக்கு உடனே தெரியாது. பிளக்-இன்னை எடுத்துவிட்டு மறுபடி ஏற்றினால்தான் தெரியும். அதற்கு முன் அந்த அவுட்புட் அமைப்பை கான்டாக்டிலேயே டிஃபால்டாகச் சேமிக்க வேண்டும், இல்லையென்றால் மறுபடி ஏற்றும்போது பழையபடி வந்து நிற்கும்.

பிறகு பேட் 2-இல் எந்த வாத்தியமும் போடாமல், அவுட்புட் பகுதியின் மிடி பக்கத்தில் போகுமிடமாகப் பேட் 1-இன் சவுண்டைக் காட்டிச் சேனல் 2 வையுங்கள். அதே பேட் 2-இன் இன்புட் ஆடியோ பக்கத்தில் சோர்ஸாகக் கான்டாக்டின் இரண்டாவது அவுட்டைத் தேர்ந்தெடுங்கள். இப்போது பேட் 2 அடித்தால் ஒத்து, அதன் சத்தமும் பேட் 2-இன் சொந்த வால்யூம், எஃபெக்ட் வழியாக வரும். பேட் 3-க்கும் இதே மாதிரி சேனல் 3.

ஆனால் உங்கள் இடத்தில் இருந்தால் நான் இதைச் செய்ய மாட்டேன். மூன்றே வாத்தியம்தான். ஒவ்வொரு பேடிலும் தனிக் கான்டாக்ட் ஏற்றினால் கொஞ்சம் ராம் கூடுதலாகப் போகும், அவ்வளவுதான். மேடையில் ஒன்று மக்கர் செய்தால் அந்த ஒன்றை மட்டும் மூடித் திறக்கலாம். பேட் 1 விழுந்தால் மூன்றும் விழுகிற அமைப்பு சாமி புறப்படுகிற நேரத்தில் வேண்டாம்.

---

ஈப்போ_மிக்ஸ்

சாம்பிளாகப் பதியும் முறையை யாரும் சொல்லவில்லை, நானே முடிக்கிறேன். 8 ஜிபி லேப்டாப்பில் திருவிழா வாசிக்க இதுதான் பத்திரமான வழி என்பது என் கருத்து. வீட்டில் விஎஸ்டி வைத்து இசை செய்யுங்கள், மேடைக்குச் சாம்பிளை எடுத்துப் போங்கள்.

காலியான பேடைத் தேர்ந்தெடுத்து சாம்ப்ளிங் அழுத்துங்கள். ரெக்கார்ட் பக்கத்தில் சோர்ஸ் இன்டர்னல், இன்புட்டாக நாதஸ்வர சவுண்டு. மோட் சிங்க் வைத்து பேட்டர்ன் நீளத்தையே பதிவு நீளமாகக் கொடுத்தால் தாளத்தின் தலையில் ஆரம்பித்துச் சரியாக முடியும். ரிவெர்ப் வால் வெட்டுப்படும், ஆகையால் பதியும்போது ரிவெர்ப்பை அணைத்துவிட்டு, பிறகு சாம்பிள் பேடில் மஷீனின் சொந்த ரிவெர்ப்பைப் போடுங்கள். பதிந்து முடிந்ததும் அந்த விஎஸ்டி பேடை வேறு ப்ராஜெக்டாகச் சேமித்துவிட்டு, மேடை ப்ராஜெக்டில் எடுத்துவிடுங்கள். மியூட் மட்டும் போட்டு வைத்தால் ராம் திரும்பக் கிடைக்காது.

மேடை ப்ராஜெக்டைச் சேமிக்கும்போது ஃபைல் மெனுவில் சாம்பிளோடு சேர்த்துச் சேமிக்கும் வழியை எடுங்கள். சாதாரண சேவ், சாம்பிள் இருக்கும் இடத்தை மட்டும்தான் குறித்துக்கொள்ளும். வெளி எஸ்எஸ்டி-யில் வைத்திருந்து, அன்றைக்கு அது இ டிரைவ் ஆகாமல் எஃப் ஆனால் எல்லாம் ‘காணோம்’ என்று வரும். விண்டோஸ் டிஸ்க் மேனேஜ்மென்டில் அந்த எஸ்எஸ்டி-க்கு எஸ் மாதிரிப் பின்னால் உள்ள எழுத்து ஒன்றைக் கொடுத்துவிட்டால் இந்தத் தொல்லை குறையும். விஎஸ்டி-யும் கான்டாக்ட் லைப்ரரியும் எப்படிச் சேமித்தாலும் ப்ராஜெக்டோடு வராது. வேறு லேப்டாப்பில் திறப்பதாக இருந்தால் அங்கேயும் இன்ஸ்டால் செய்திருக்க வேண்டும்.

---

கிந்தா_தாளம்

மஷீன் பிளஸ் வாங்கினால் லேப்டாப்பே வேண்டாம் என்கிறார்களே. அதில் வைட்டல் ஓடுமா?

---

கம்பி_சுருதி

ஓடாது. 2020-இல் வந்த மஷீன் பிளஸ் தனியாக ஓடும்போது நேட்டிவ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் குறிப்பிட்ட வாத்தியங்களை மட்டும்தான் ஏற்றும். மற்றவர்களின் விஎஸ்டி வேண்டும் என்றால் அதையும் லேப்டாப்பில் மாட்டி, எம்கே3 மாதிரி கன்ட்ரோலராகத்தான் ஓட்ட வேண்டும்.

தனியாக ஓடும் அகாய் எம்பிசி-யிலும் வைட்டல் ஓடாது. ஆனால் எம்பிசி சாஃப்ட்வேரில் ஆட்டோ சாம்ப்ளர் இருக்கிறது. கணினியில் விஎஸ்டி-யை ஏற்றி, எந்தச் சுரத்திலிருந்து எதுவரை, எத்தனை செமிடோனுக்கு ஒன்று, எத்தனை வெலாசிட்டி (அடியின் பலம்) அடுக்கு என்று சொன்னால் தானாக வாசித்துப் பதிந்து கீகுரூப்பாக (சுரவாரியாக அடுக்கிய சாம்பிள் வாத்தியமாக) கட்டிக் கொடுக்கும். மூன்று ஆக்டேவ், 3 செமிடோனுக்கு ஒன்று, 3 அடுக்கு என்றால் 13 சுரம், 39 சாம்பிள். ஒவ்வொன்றும் வாலோடு 4 செகண்ட் என்று வைத்தால் மொத்தம் 156 செகண்ட். 16-பிட் ஸ்டீரியோவில் 28 எம்பி-க்குள் அடங்கும். சிந்த் பேஸுக்கு இது தாராளம். நாதஸ்வரத்துக்கு மட்டும் 3 செமிடோன் இடைவெளி ஒத்துவராது. சாம்பிளை மேலே இழுக்கும்போது அசைவும் வேகமாகும், கீழே இழுத்தால் மந்தமாகும். பக்கத்துப் பக்கத்துச் சுரங்களில் அசைவு வெவ்வேறு வேகத்தில் கேட்டால் காது உடனே கண்டுபிடித்துவிடும். ஒவ்வொரு செமிடோனுக்கும் ஒன்று பதியுங்கள்.

---

தோட்டத்து_பீட் (சுங்கை சிப்புட்)

ரொம்ப நன்றி அண்ணே எல்லாருக்கும். டெக்ஸ்ட் 32-பிட் ஃபைல்தான், மாற்றியதும் வந்துவிட்டது. ஹப்பை எடுத்து, ஏசியோ மாற்றி, 256-இல் கரகர இல்லை. இன்னும் இரண்டு சந்தேகம். லைன் அவுட்டை மிக்சரில் போட்டதும் உம்ம்ம் என்று ஒரு இரைச்சல். சார்ஜரைக் கழற்றினால் நின்றுவிடுகிறது. அப்புறம் உருமியில் தேய்ப்புச் சத்தம் அடியோடு சேர்ந்து இழுத்துக்கொண்டே போகிறது.

---

பத்துகாஜா_சவுண்ட்

அது கிரவுண்ட் லூப். சார்ஜருக்கும் மிக்சருக்கும் எர்த் இரண்டு வழியில் போய் ஒரு வளையம் உண்டாகிறது, நம் ஊர் 50 ஹெர்ட்ஸ் அதில் ஏறிக்கொள்கிறது. சார்ஜர் பிளக்கின் எர்த் முள்ளை மட்டும் எந்தக் காரணத்துக்கும் முடக்காதீர்கள். 230 வோல்ட், மழை ஈரம், ஜெனரேட்டர், இரும்பு மேடை எல்லாம் ஒன்றாக இருக்கிற இடம் அது, உயிருக்கு ஆபத்து. முதலில் லேப்டாப்பையும் மிக்சரையும் ஒரே எக்ஸ்டென்ஷனில் சொருகிப் பாருங்கள், பாதிக்கு மேல் அங்கேயே சரியாகும். மிச்சத்துக்கு லைன் அவுட்டுக்கும் மிக்சருக்கும் நடுவில் கிரவுண்ட் லிஃப்ட் சுவிட்ச் (ஆடியோ ஒயரின் எர்த் தொடர்பை மட்டும் பிரிப்பது) உள்ள ஸ்டீரியோ டிஐ பாக்ஸ் (சிக்னலை மிக்சருக்கு ஏற்றபடி மாற்றித் தரும் பெட்டி) ஒன்று. ஈப்போவில் பிஏ சாமான் விற்கிற கடைகளில் கேளுங்கள். டிரான்ஸ்ஃபார்மர் உள்ள பாசிவ் வகையாகப் பார்த்து வாங்குங்கள்.

உருமிக்கு: அடி ஒரு பேட், தேய்ப்பு ஒரு பேட் என்று பிரித்துவிடுங்கள். சாம்ப்ளரில் அடியை ஒன்-ஷாட்டில் வையுங்கள். தேய்ப்பை ஏடிஎஸ்ஆர் வகைக்கு (பேடை அழுத்தியிருக்கும்வரை ஒலிப்பது) மாற்றி, ரிலீஸைச் சின்னதாக வையுங்கள், விரல் எடுத்ததும் நிற்கும். வேகமான நடையில் தேய்ப்பு மேலும் மேலும் ஏறி நின்றால் அந்தப் பேடின் பாலிஃபனியை (ஒரே நேரத்தில் ஒலிக்கும் குரல்களின் எண்ணிக்கையை) 1 ஆக்குங்கள். அடி விழும்போது தேய்ப்பு நிற்க வேண்டும் என்றால் பேட் மோடில் சோக் (ஒரு பேட் இன்னொன்றின் சத்தத்தை நிறுத்தும் அமைப்பு) பகுதிக்குப் போய் இரண்டையும் ஒரே குழுவில் போட்டு, அடியை மாஸ்டராகவும் தேய்ப்பை ஸ்லேவாகவும் வையுங்கள். இரண்டும் மாஸ்டராக இருந்தால் தேய்ப்பு வந்து அடியை வெட்டும். உருமியில் அடியின் அதிர்வு அடங்குவதற்குள் தேய்ப்பு எழ வேண்டும், வெட்டினால் அது உருமியாகவே கேட்காது.